சீலியாக் உள்ளவருக்குச் சொசேஜ்: கடைப் பிரிட்ஜிலிருந்து கோப்பை வரை

மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பாணை விட்டாள், ரோல்ஸை விட்டாள், கொத்துரொட்டியையும் விட்டாள். சொசேஜையும் விட வேண்டும் என்றபோதுதான் அழுதாள். "அது இறைச்சிதானே அம்மா" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது.

அதற்குப் பிறகு கொக்குவில், சுன்னாகம், நெல்லியடிப் பக்கத்திலிருந்து சில குடும்பங்கள் கேட்டு வந்தன. அநேகமாக எல்லாரும் தடக்குப்பட்டது ஒரே மாதிரித்தான். பக்கற்றைக் கவனமாகப் படிப்பார்கள், நல்லதாகத் தெரிவுசெய்வார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் ரொட்டி சுட்ட தாச்சியிலேயே பொரிப்பார்கள். ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் போங்கள். கடைக்குப் போவது நாலாவது படியில்தான் வருகிறது.

1. கோதுமையை நிறுத்துமுன் பரிசோதனையை முடியுங்கள்

கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். வயிற்றோட்டம், வயிற்று ஊதல், இரும்புச் சத்துக் குறைவு, பிள்ளைகள் வளராமல் நிற்பது எல்லாம் அதன் பின்னால் வருபவை.

இதைக் கண்டுபிடிக்க ரி.ரி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நோயாளி வழக்கம்போல் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். "எதற்கும் நிறுத்திப் பார்ப்போம்" என்று முதலே நிறுத்தினால், குடல் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நோய் உறுதியானதும் அடுத்த நாளே சொசேஜுக்கு அவசரப்பட வேண்டாம். பழுதான குடலுக்குப் பால்வெல்லமும் கொழுப்பும் கொஞ்சக் காலம் ஒத்துவராது. பல சொசேஜ்களில் பால்மாவும் கொழுப்பும் இருக்கின்றன. அந்த நேரத்தில் வயிறு குழம்பினால், குளூட்டனா பாலா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் சில கிழமைகள் சோறு, மீன், முட்டை, மரக்கறியோடு போகட்டும்.

2. எவ்வளவு சின்ன அளவு என்பதை மனதில் வையுங்கள்

என் மாமியை மாற்றியது புத்திமதி இல்லை, கணக்குத்தான். "ஒரு துண்டு சாப்பிட்டால் பிள்ளைக்கு என்ன செய்யப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவருக்கு முன்னால் ஒரு துண்டுப் பாணை வைத்தேன்.

ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவார்கள் என்று கொள்ளப்படுகிறது. அப்படியென்றால் அந்தத் துண்டை இருநூறாகப் பிய்த்து அதில் ஒன்று. மாமி பிய்க்கத் தொடங்கி இருபதிலேயே நிறுத்திவிட்டார்.

சொசேஜுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு கோதுமை மா கலந்த சொசேஜில் 100 கிராம் சாப்பிட்டால் 3 கிராம் மா உள்ளே போகிறது, அதில் சுமார் 300 மில்லிகிராம் குளூட்டன். உலக உணவு நியமமான கோடெக்ஸ், குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த எல்லைக்குள் இருக்கும் சொசேஜில் 100 கிராம் சாப்பிட்டால் அதிகபட்சம் 2 மில்லிகிராம்தான். இரண்டு பக்கற்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்று. சூடு குளூட்டனை அழிக்காது. நம் ஊரில் கோதுமை மாவை அவித்து அரித்துப் பிட்டுக்கு எடுப்போம் இல்லையா, "அவிச்ச மாதானே, அது லேசு" என்று பலர் நினைக்கிறார்கள். அவித்தாலும் வறுத்தாலும் பொரித்தாலும் அது கோதுமைதான்.

3. குசினியை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

சொசேஜ் வாங்கிய பிறகு பாத்திரம் தேடினால், கையில் அகப்படும் பழைய தாச்சியைத்தான் எடுப்பீர்கள். அதனால் இது கடைக்குப் போகுமுன்.

புதிதாக வாங்க வேண்டியது அதிகம் இல்லை. ஒரு சின்னத் தாச்சி, ஒரு கரண்டி, ஒரு இடுக்கி, ஒரு வெட்டுப் பலகை, பாத்திரம் கழுவும் ஸ்பொஞ் ஒன்று. எங்கள் வீட்டில் இவற்றின் பிடியில் எல்லாம் சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒரு பொட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வரும் சித்திக்கும் வேலைக்கு உதவ வரும் அக்காவுக்கும் விளக்கம் தேவையில்லை, சிவப்புப் பொட்டு என்றால் தொடுவதில்லை.

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பொதுவில் பாவிக்கலாம். மர அகப்பை, கீறல் விழுந்த ஒட்டாத தாச்சி, அரிதட்டு, ஓலை நீத்துப்பெட்டி ஆகியவை கழுவித் தீராதவை. அரிதட்டின் கண்களில் மா நிற்கும். நீத்துப்பெட்டியின் பின்னலுக்குள் போன மாவை எந்தத் தும்பாலும் எடுக்க முடியாது. சொசேஜோடு பிட்டு சாப்பிடுவதாக இருந்தால் நீத்துப்பெட்டியும் அரிதட்டும் தனியாக வேண்டும்.

மிக்ஸியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடியின் உட்பக்க ரப்பர் வளையத்தைக் கத்தி நுனியால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். எங்களுடையதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு கோடு முழு வட்டமாக இருந்தது. அதுவரை ஒவ்வொரு நாளும் நான் அதைக் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், அல்லது புதிய வளையம் போடுங்கள்.

4. பக்கற்றைப் படிக்கும் ஒழுங்கு

முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். "நூறு வீதம் கோழி", "இயற்கை" என்பதெல்லாம் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. பின்பக்கத்தைத் திருப்புங்கள். யாழ்ப்பாணத்துச் சுப்பர்மார்க்கட்டுகளில் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று படித்தால் கடைக்காரருக்குப் பொறுக்காது, கண்ணாடியும் பனிக்கும். பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்று பெரிதாக்கிப் படிப்பதே என் பழக்கம்.

முதலாவது, சேர்பொருள் பட்டியலில் கோதுமையை நேரே தேடுங்கள். ஆங்கிலத்தில் அது வீற் ஃப்ளவர், ரஸ்க், பிரெட் க்ரம்ஸ், செமோலினா, வீற் குளூட்டன், வீற் ஸ்டார்ச் என்று பல பெயரில் வரும். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால் "திரிங்கு" என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். திரிங்கு பிட்டி என்றால் கோதுமை மா. தமிழில் வெறுமனே "மா" அல்லது "மாப்பொருள்" என்று போட்டிருந்தால் அதைப் பதிலாக எடுக்க முடியாது. எந்த மா என்று தெரியும்வரை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மோல்ட். மோல்ட் எக்ஸ்ட்ராக்ட், பார்லி மோல்ட், மோல்ட் வினிகர் எல்லாம் பார்லியிலிருந்து வருபவை, கூடாது. ஆனால் மோல்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்பவை வேறு. பெயர் ஒத்துப் போவதால் புதிதாக வருபவர்கள் இவற்றையும் ஒதுக்குகிறார்கள். அவை மாச்சத்தை உடைத்துச் சுத்திகரித்து எடுப்பவை, புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, எதிலிருந்து வந்தது என்று சொல்லாத பொருள்கள். மொடிஃபைட் ஸ்டார்ச் என்றோ ஈ 1422 போன்ற எண்ணாகவோ இருக்கும் மாச்சத்து மரவள்ளி, சோளம், கிழங்கு, கோதுமை எதிலிருந்தும் வரலாம். வெஜிடபிள் புரோட்டீன் பெரும்பாலும் சோயா, சிலவேளை கோதுமை. சீசனிங், ஃப்ளேவர் என்பவற்றில் மணப்பொருளைத் தாங்குவதற்கு மா கலந்திருக்கலாம். இவை இருந்தால் உடனே தள்ள வேண்டியதில்லை. அடுத்த படிக்கு, அதாவது கம்பனியிடம் கேட்கும் படிக்கு அனுப்புங்கள்.

எண்களைக் கண்டு பதறுவது இன்னொரு பிழை. ஈ 250 என்பது நிறத்துக்கும் கிருமி வளராமல் இருக்கவும் போடும் சோடியம் நைத்திரைற்று. ஈ 451, ஈ 452 பொசுபேற்றுகள், தண்ணீரைப் பிடித்து வைப்பவை. ஈ 407 கடற்பாசியிலிருந்து எடுப்பது, ஈ 621 சுவைக்கு. இவை எதிலும் குளூட்டன் இல்லை. சொசேஜின் தோலும் பொதுவாகக் குளூட்டன் பிரச்சினை தராது. ஆனால் மாட்டிறைச்சி சேர்க்காத வீட்டார் ஒன்றைக் கவனிக்கலாம்: கோழிச் சொசேஜின் கொலாஜன் தோல் பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து செய்வது.

நாலாவது, பட்டியலுக்குக் கீழே "கொண்டுள்ளது", "கொண்டிருக்கலாம்" என்று வரும் வரி. கோதுமை கொண்டுள்ளது என்றால் பேச்சில்லை. கொண்டிருக்கலாம் என்றால் அதே தொழிற்சாலையில் கோதுமையும் ஓடுகிறது என்று அர்த்தம், நான் வாங்குவதில்லை. அந்த வரியே இல்லாததை மட்டும் வைத்துப் பத்திரம் என்று எண்ணாதீர்கள். "கொண்டிருக்கலாம்" என்பது பெரும்பாலும் கம்பனி விரும்பினால் போடுவது.

பட்டியலின் ஒழுங்கும் ஒரு சாட்சி. சேர்பொருள்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததாக அடுக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் முறை. இறைச்சிக்கு அடுத்த இடங்களிலேயே மாவோ ஸ்டார்ச்சோ வந்தால் அது மலிவுச் சொசேஜ், ஒட்டுப்பொருள் கூட.

இனிச் சைவ நாள் பொறி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் ஊரில் பல வீடுகளில் மச்சம் இல்லை. பிள்ளை கேட்கிறாளே என்று சைவச் சொசேஜ் தேடுவார்கள். இறைச்சி இல்லாத சொசேஜுக்கு இறைச்சி மாதிரி இழுபடும் தன்மையைக் கொடுப்பது பல இடங்களில் கோதுமைக் குளூட்டனேதான். இறைச்சிச் சொசேஜில் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று பயந்த பொருள் இதில் முதலாவதாகவே நிற்கும். சோயாமீற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும்போது அங்கத்தைய கடைப் படங்களை அனுப்பிக் கேட்பார்கள். லண்டன் சொசேஜில் ரஸ்க் போடுவது பழைய வழக்கம், அதனால் குளூட்டன் இல்லாதது என்று தனியாக எழுதியதைத்தான் பார்க்க வேண்டும். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் குளூட்டன் உள்ள தானியத்தின் பெயரைப் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்ட வேண்டும் என்பது சட்டம். படிக்க லேசு.

5. கம்பனியிடம் கேட்பது

"இதில் குளூட்டன் இருக்கா?" என்று கேட்காதீர்கள். போன் எடுப்பவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம், தெரியாவிட்டால் "இல்லை" என்றுதான் வரும். ஒருமுறை எனக்கு, "இல்லை அம்மா, எங்கட சொசேஜில சீனி போடுறதில்லை" என்று பதில் வந்தது. குளுக்கோஸ் என்று நினைத்துவிட்டார், பாவம்.

எழுத்தில் கேளுங்கள், பக்கற்றின் பின்பக்கப் படத்தையும் இணையுங்கள். ஸ்டார்ச் எந்தத் தாவரத்திலிருந்து எடுத்தது? சீசனிங் கலவையில் கோதுமை மாவோ மோல்ட்டோ உண்டா? இதே இயந்திரத்தில் மா தோய்த்த நகெட்ஸ் போன்றவை ஓடுகின்றனவா, ஓடினால் இடையில் எப்படிக் கழுவுகிறார்கள்? கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் என்று பரிசோதித்த அறிக்கை உண்டா? இந்த நாலும் போதும்.

பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். வந்தால் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். செய்முறையைக் கம்பனி எப்போதும் மாற்றலாம், பக்கற்றின் படம் மாறாமலே உள்ளே மாறியிருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டியது அதனால்தான். எட்டு மாதம் வாங்கிய சொசேஜில் ஒன்பதாவது மாதம் நான் படிக்காமல் விட்டேன். மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

6. கடையிலிருந்து வீட்டுக்கு

மூடி முத்திரையிட்ட பக்கற்றை மட்டும் வாங்குங்கள். கடையில் பெரிய பக்கற்றை உடைத்துச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருப்பதில் பட்டியலும் இல்லை, என்ன கத்தியால் வெட்டினார்கள் என்பதும் தெரியாது.

சித்திரை வெயிலில் நகரத்திலிருந்து வீடு வருவதற்குள் சொசேஜ் இளகிவிடும். கடைசியாக எடுத்து, ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். வீட்டுப் பிரிட்ஜில் மேல் தட்டில், மூடியுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். பாண், கேக், மற்றவர்களின் ரோல்ஸ் எல்லாம் கீழே. மேலே இருப்பதுதான் கீழே கொட்டும், கீழே இருப்பது மேலே ஏறாது.

7. சமைக்கும் ஒழுங்கு

வீட்டில் இரண்டு வகைச் சமையல் நடக்கும் நாளில் சீலியாக் உள்ளவருடையது முதலில் முடிய வேண்டும். ரொட்டிக்கு மா பிசையும்போது காற்றில் பறக்கும் மா மேசையிலும் மூடாத பாத்திரத்திலும் இறங்கும். முதலில் பொரித்து மூடி வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மேசையை ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் துணி ரொட்டிப் பலகை துடைத்ததாக இருக்கக் கூடாது. கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். சேலைத் தலைப்பிலும் ஏப்ரனிலும் துடைத்துப் பழகிய கையென்றால் இரண்டு முறை.

உறைந்த சொசேஜை முதல் நாள் இரவே ஃபிரீசரிலிருந்து பிரிட்ஜின் மேல் தட்டுக்கு மாற்றுங்கள், கசியாதபடி மூடியுள்ள அந்தத் தனிப் பெட்டியில் வைத்து. மேசையில் விட்டு இளக்கினால் வெளிப்பக்கம் கெடத் தொடங்கும்போது உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும்.

சிவப்புப் பொட்டுத் தாச்சியில் சொசேஜ் பாதி மூழ்கத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் வற்ற விடுங்கள். வற்றியதும் ஒரு மேசைக்கரண்டி புது எண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். நேரே எண்ணெயில் போட்டால் தோல் வெடித்து வெளியே கருகும், உள்ளே சூடேறாது. நடுப்பகுதி 74 பாகை செல்சியசுக்கு வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் தடித்த ஒன்றை நடுவால் வெட்டிப் பாருங்கள், ஆவி பறக்க வேண்டும்.

எண்ணெய் புதியதாக இருக்க வேண்டும் என்பதை விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் அதிகமானோர் விழுகிற குழி இது. ரோல்ஸோ வடையோ பொரித்த எண்ணெயை அரித்து எடுத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிதட்டு பெரிய துகளைத்தான் பிடிக்கும். ரஸ்க் தூளில் உருட்டிய ரோல்ஸ் அதில் பொரிந்திருந்தால் அந்த எண்ணெய் இவர்களுக்கு உதவாது.

8. கோப்பையில் சேர்பவை

சொசேஜ் சரியாக இருந்து, பக்கத்தில் வைத்த தோசை கெடுத்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. இந்தியாவிலிருந்து வந்த ஒரு தெரிந்தவர், தோசை அரிசியும் உழுந்தும்தானே என்று உறுதியாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துத் தோசையில் கோதுமை மா சேர்ப்பது எவ்வளவு சாதாரணம் என்பது அவருக்குத் தெரியாது. பிட்டு, இடியப்பம் இரண்டும் அப்படித்தான். அரிசி மாவில் மட்டும் செய்ததா என்று கேட்டே ஆக வேண்டும். அரிசியை மில்லில் கொடுத்து இடித்தாலும், முதலில் யாருடைய கோதுமை ஓடியது என்பதும் முக்கியம். நான் வீட்டிலேயே ஊறப்போட்டு இடித்து வறுத்து வைக்கிறேன்.

சொசேஜ் டெவலுக்குச் சோயா சோஸ் ஊற்றுவார்கள். வழக்கமான சோயா சோஸ் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்தது. அதற்குப் பதில் நான் செய்வது இப்படி: வெங்காயம், கறிமிளகாய், தக்காளி வதக்கி, வெட்டுத்தூள், உப்பு, கொஞ்சம் சீனி, தென்னை வினாகிரி ஒரு கரண்டி, கடைசியில் பொரித்த சொசேஜ். மின்னுவதற்குச் சோளமா ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து விடலாம். பிள்ளைகளுக்குச் சோயா சோஸ் இல்லாதது தெரியவே இல்லை.

கறித்தூள் வீட்டில் வறுத்து இடித்ததாக இருந்தால் நிம்மதி. பெருங்காயத்தைத் திருப்பிப் படியுங்கள், கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் கோதுமை மா சேர்ந்து வருவதுண்டு.

9. வீட்டிலேயே செய்வது

கம்பனி பதில் அனுப்பும்வரை பிள்ளை காத்திருக்காது. எலும்பை மட்டும் நீக்கி, தோலை விட்டுவைத்த கோழித் தொடை இறைச்சி 1 கிலோ, உப்பு 15 கிராம், ஐஸ் தண்ணீர் 100 மில்லிலீற்றர், அரிசி மா 30 கிராம், உள்ளி நாலு பல்லு, மிளகு, வறுத்த பெருஞ்சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி. நெஞ்சு இறைச்சி மட்டும் போட்டால் காய்ந்து மரத்தூள் மாதிரி வரும், கொழுப்பு வேண்டும்.

இறைச்சியைச் சின்னத் துண்டாக்கி, ஓரங்கள் கட்டியாகும்வரை அரை மணித்தியாலம் ஃபிரீசரில் வையுங்கள். சூடேறினால் கொழுப்பு உருகிப் பிரிந்து, வேகும்போது தண்ணீரும் எண்ணெயும் தனியாக வடியும். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள்.

முதலில் இறைச்சியும் உப்பும் மட்டும். உப்புத்தான் இறைச்சிப் புரதத்தை வெளியே இழுத்துப் பசையாக்குகிறது. சொசேஜை ஒட்டவைக்கக் கோதுமை தேவையே இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்தப் பசையைத் தொட்டபோதுதான். பிறகு ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கடைசியில் அரிசி மாவும் சரக்கும் சேருங்கள். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்துக் கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் இன்னும் அரையுங்கள். உப்பு பார்க்கப் பச்சையாக நாக்கில் வைக்காதீர்கள், ஒரு சின்னத் துண்டைப் பொரித்துச் சுவையுங்கள்.

தோலுக்கு வாழையிலை. நெருப்பில் வாட்டிய இலைத் துண்டில் பெருவிரல் தடிப்புக்கு உருட்டிச் சுற்றி, இரண்டு பக்கமும் நூலால் கட்டுங்கள். கொதிக்காத சுடுதண்ணீரில், சுமார் 80 பாகையில், 20 முதல் 25 நிமிடம். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் சொசேஜ் வெடித்துச் சுருங்கும். நடுவில் 74 பாகை வந்ததும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டு ஆற விடுங்கள்.

நிறம் வெளிறித்தான் இருக்கும். கடைச் சொசேஜின் இளஞ்சிவப்பு நைத்திரைற்று தருவது, நாம் அதைப் போடவில்லை. அதனாலேயே இது நெடுநாள் நிற்காது. பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள், ஃபிரீசரில் ஒரு மாதம். நீண்ட நேரம் கரண்ட் போன நாளில் பிரிட்ஜில் இருந்ததை மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், எறியுங்கள்.

குளூட்டன் இல்லை என்பதற்காகச் சொசேஜ் நல்ல சாப்பாடாகிவிடாது. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் சேர்த்தது. எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருநாள், அவ்வளவுதான்.

10. வெளியில் சாப்பிடும்போது

கொத்துக் கடைத் தட்டில் வாட்டிய சொசேஜ் வேண்டாம். அந்தத் தட்டில் காலையிலிருந்து இரவு வரை ரொட்டிதான் வெட்டுப்படுகிறது. பார்பிக்யூ என்றால், உங்கள் சொசேஜை அலுமினியத் தாளில் சுற்றி, மற்றவை வைக்குமுன் ஓரத்தில் வாட்டச் சொல்லலாம்.

ஹோட்டல் பூஃபேயில் சொசேஜ்த் தட்டு பாண் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், இடுக்கி இரண்டுக்கும் ஓடித் திரியும். அங்கே முட்டையும் பழமும் சாப்பிட்டுவிட்டு வருவதே புத்தி.

சொந்தக்காரர் வீடுதான் கடினம். என் பெரியம்மா ஒருவர் ஆசையோடு சமைத்து வைத்துவிட்டு, "நான் மா ஒண்டும் போடேல்லை பிள்ளை, ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் கோதுமை மா மட்டும் தூவினனான்" என்றார். பொய் இல்லை. அவருக்கு மா என்றால் பிசைவது, தூவுவது அந்தக் கணக்கில் வராது. அதனால் "மா போட்டீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "தாச்சிக்குள்ள என்னென்ன போட்டீங்கள், முதலில இருந்து சொல்லுங்கோ பெரியம்மா" என்று கேட்டால் சமையல் கதையாக எல்லாம் வந்துவிடும். சந்தேகம் வந்தால், பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி பையில் இருக்கும். பெரியம்மாவிடம் சமையலைக் குறை சொல்லவில்லை, டொக்டர் சொன்னது என்று சொல்லிவிடலாம்.

11. பிழைத்துப் போனால்

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் நடக்கும். சிலருக்குச் சில மணித்தியாலத்தில் சத்தியும் வயிற்றோட்டமும் வரும், சிலருக்கு அடுத்த நாள் களைப்பு மட்டும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எடுக்க முடியாது. "இவளுக்கு இப்ப ஒத்துக்கொள்ளுது" என்று அளவைக் கூட்டிப் பார்ப்பது ஆகக் கெட்ட பிழை.

சத்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் ஜீவனி (உடலில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நிற்காவிட்டால், இரத்தம் போனால், பிள்ளை சோர்ந்து சிறுநீர் கழிக்காமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலும் இருந்தால் பழுதான சாப்பாட்டால் வந்த நஞ்சாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் குளூட்டன் தலையில் போடாதீர்கள்.

அப்புறம் பக்கற்றைக் குப்பையிலிருந்து எடுங்கள். பெயர், தொகுதி எண், உற்பத்தித் திகதி, அன்று வேறு என்ன சாப்பிட்டது, எந்தத் தாச்சி, எந்த எண்ணெய் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். புதிய சொசேஜ் ஒன்றைத் தொடங்கும்போது அதே கிழமையில் வேறு புதுப் பொருள் எதையும் தொடங்காமல் இருந்தால் காரணத்தைப் பிடிப்பது லேசு. அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள், ரி.ரி.ஜி. அளவு இறங்காமல் நிற்கும்போது டொக்டர் முதலில் கேட்பது அதில் இருக்கும் விஷயங்களைத்தான்.